பொதுத்தேர்வு நேரத்தில் மாணவர் குழுவில் நியாயமாகப் பேச என்ன விதிகள் வைக்கலாம்?

பிளஸ் டூ ஜூனியர்களுக்காக டெலிகிராம் குழு நடத்தும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தேர்வு நாட்களில் வினாத்தாள், விடை, மதிப்பெண் என்று எதை எடுத்தாலும் சண்டையில் முடிகிறது, யாருக்கும் அநியாயம் நடக்காமல் பேச என்ன விதிகள் வைக்கலாம்?

நான் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகள் இருக்கும் குழுக்கள் சிலவற்றில் நானும் இருக்கிறேன். என்னைக் கேட்டால், நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளையை மனதில் வைத்து விதி எழுதாதீர்கள். அன்றைக்குச் சொதப்பிவிட்டு, அடுத்த பரீட்சைக்குப் படிக்க உட்கார வேண்டிய பிள்ளையை நினைத்து எழுதுங்கள். 2025-இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 தொடங்கி 25 வரை நடந்தது. இடையில் கணக்குப் பரீட்சை அன்று மதியம் "எல்லாரும் சென்டம் வாங்கிடுவாங்க போல" என்று நூறு பேர் பேசுவதைப் படித்த பிள்ளை, வேதியியல் புத்தகத்தை எந்த மனதோடு திறக்கும்?

அதனால் பரீட்சை முடிந்த அன்று மாலை வரைக்கும் விடைப் பேச்சே வேண்டாம். பல நாடுகளில் நடக்கும் இன்டர்நேஷனல் பேக்கலரேட் என்ற பள்ளித் தேர்வில், எழுதி முடித்து 24 மணி நேரத்துக்கு வினாத்தாளில் வந்ததைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்றே விதி இருக்கிறது. அங்கே காரணம் வேறு, ஒரே தேர்வை உலகின் வேறு வேறு நேர மண்டலங்களில் எழுதுகிறார்கள். நமக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. மாலைக்குப் பிறகு டெலிகிராமில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித் தலைப்புத் திறந்து, விடை பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் அதற்குள் போகும்படி வைத்தால் போதும். பொதுப் பகுதியில் அடுத்த பாடம் மட்டும்தான்.

தேர்வுக்கு முந்தைய இரவு வரும் "லீக் ஆன கொஸ்டின்" விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். "இது உண்மையான்னு யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று போடுவதும் பரப்புவதுதான். உண்மையா பொய்யா என்று ஆராயாமல் உடனே நீக்குங்கள், அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள், பள்ளித் தலைமையாசிரியருக்குத் தகவல் போகட்டும். 2022 பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு வினாத்தாள்களே முன்கூட்டி சமூக ஊடகங்களில் வெளியாகின. அது பொதுத்தேர்வு இல்லைதான். ஆனாலும் செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளை நேர்மையாகப் படித்து எழுதியதற்கு அன்றைக்கு என்ன மரியாதை? நீட், ஜேஇஇ போன்ற மத்திய அரசுத் தேர்வுகளுக்கு 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வினாத்தாள் கசிவில் ஈடுபட்டால் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய வினாத்தாள்களை வைத்து "இந்தக் கேள்வி அடிக்கடி வந்திருக்கிறது" என்று சொல்வதில் தவறே இல்லை, எந்தெந்த வருடம் வந்தது என்றும் சொல்லச் சொல்லுங்கள். "உறுதியா வரும்" என்ற சொல்லுக்கு மட்டும் தடை.

சண்டை அதிகம் வருவது விடைக்குறிப்பில்தான். "11 ஆ, 12 ஈ, 13 அ" என்று வரிசையாகப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளே கேட்கிறது, குழுவிலும் அப்படியே எழுதட்டும். கூடவே புத்தகத்தில் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். கைடில் இருக்கிறது, சார் சொன்னார் என்பதெல்லாம் ஆதாரமாகாது. தமிழ் வழி, ஆங்கில வழிப் பிள்ளைகள் மோதிக்கொள்ளும் கேள்விகளுக்கு, வினாத்தாளில் இரண்டு மொழியிலும் அச்சாகியிருப்பதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வாதம். பாதிச் சண்டை மொழிபெயர்ப்பில் விழுந்த ஒரு வார்த்தையால் வந்ததாக இருக்கும்.

விடை விஷயத்தில் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2024 நீட் தேர்வின் அந்த அணுக் கேள்வி ஞாபகம் வருகிறது. "ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன" என்று ஒரு கூற்று. நீட்டுக்குப் படிக்கும் பழைய என்சிஇஆர்டி (மத்திய பாடத்திட்ட) புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் "பெரும்பாலான தனிமங்கள்" என்று திருத்தியிருந்தார்கள், கதிரியக்கத் தனிமங்கள் நிலையற்றவை ஆயிற்றே. தேசியத் தேர்வு முகமை, கூற்று சரி, கூற்று தவறு என்ற இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் மூவர், கூற்று தவறு என்ற ஒரு விடைதான் சரி என்று சொன்ன பிறகு, முழு மதிப்பெண் பெற்றவர்கள் 61-இலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். பழைய புத்தகத்தைப் படித்த பிள்ளையை அந்த நேரத்தில் "பேசிக்கே தெரியாதவன்" என்று திட்டினார்கள். பாவம், அது அண்ணனோ அக்காவோ படித்த புத்தகமாக இருந்திருக்கலாம். விடை தவறு என்று சொல்லலாம், எழுதிய ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த விதியைக் குழுவின் மேலேயே எப்போதும் தெரியும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.

மதிப்பெண் ஜோசியமும் வேண்டாம். "மிஸ், 38 ஆ-வில் கடைசி ஸ்டெப் விட்டுட்டேன், எவ்வளவு குறைப்பாங்க?" என்று கேட்டால் நானே நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். திருத்தும் முகாமில் பயன்படுவது அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் விடைக்குறிப்பு. டியூஷன் சென்டர்கள் போடும் கீ அவரவர் கருத்துதான். கேள்வியிலேயே பிழை இருந்தால் மதிப்பெண் தருவதா என்பதும் துறை எடுக்கும் முடிவு. "போனஸ் மார்க் கன்ஃபார்ம்" என்று யார் போட்டாலும் நீக்குங்கள், அதை நம்பி ஒரு பிள்ளை கல்லூரிக் கட் ஆஃப் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஜேஇஇ எழுதுகிறவர்களும் குழுவில் இருந்தால், "உன் ஷிஃப்ட் ஈஸி, என் ஷிஃப்ட் கஷ்டம்" என்று ஒரு சண்டை வரும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஷிஃப்ட் வாரியாக பெர்சென்டைல் (அதே ஷிஃப்டில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உன் அளவோ அதற்குக் குறைவாகவோ எடுத்தார்கள் என்பது) கணக்கிடுகிறார்கள் என்று ஒரு பதில் எழுதி வைத்துக்கொண்டு அதையே போடுங்கள்.

ரிசல்ட் நாளில் யாரும் யாரிடமும் மதிப்பெண் கேட்கக் கூடாது, தானாகச் சொன்னால் வாழ்த்தலாம். மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை 2017-இல் அரசே நிறுத்திவிட்டது. குழுவில் பட்டியல் போட்டு அதை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஹால் டிக்கெட் படம் போடுவதையும் தடுத்துவிடுங்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் ரிசல்ட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துவிடலாம், இரண்டுமே ஹால் டிக்கெட்டில் இருக்கின்றன.

மதிப்பெண் குறைந்தால் திருத்திய ஆசிரியரைத் திட்டும் பதிவுகள் வரிசைகட்டும். அவற்றை நீக்குவதோடு நிறுத்தாமல் வழியையும் காட்டுங்கள்: விடைத்தாள் நகல் வாங்கலாம், பார்த்துவிட்டு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான், கடைசித் தேதியைத் தினமும் நினைவூட்டுங்கள். தேறாத பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது, அந்த அறிவிப்பையும் வாழ்த்துகளுக்குக் கீழே புதைந்து போகாமல் மேலே வையுங்கள்.

யாராவது "இனிமே என்ன இருக்கு" என்கிற மாதிரி எழுதினால் குழுவிலேயே ஆளாளுக்குப் புத்தி சொல்ல விடாதீர்கள். தனியாகப் போன் செய்யுங்கள், வீட்டில் யாராவது கூட இருக்கிறார்களா என்று பாருங்கள், 14416 மனநல உதவி எண்ணைக் கொடுங்கள்.

இன்னொன்று, நிர்வாகிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முன்பின் தெரியாத ஆட்கள் இன்பாக்ஸில் வந்து "எவ்வளவு எடுத்தீங்க" என்று கேட்பதால் பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போகிறார்கள். சேரும்போதே போன் நம்பரை மறைத்து வைக்கும் வசதியை எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். இன்பாக்ஸில் தொல்லை கொடுத்தவரை இரண்டாவது எச்சரிக்கை இல்லாமல் வெளியேற்றுங்கள்.