64 ‘வந்து’

அன்புள்ள ஐயா,

எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். மெயிலில் எல்லாம் சமாளித்துவிடுவேன், சரக்கு வாங்கும் பையரோடு மீட்டிங் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மேனேஜர் பதவி இரண்டு முறை கைநழுவியது. நண்பர் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைச் சொன்னார். தனியாக 12 வகுப்பு, 30,000 ரூபாய். மனைவி, “ஏனுங்க, இதெல்லாம் யூடியூப்லயே கெடக்குது, அந்தக் காசுல பாப்பாவுக்குக் கம்மல் எடுக்கலாம்” என்கிறாள். பாப்பாவின் அபாகஸ், பரதம் இரண்டுக்கும் வருடம் 28,000 கட்டுகிறேன், அது வேறு. இந்தத் துறையில் போலிகள் அதிகம் என்றும் சொல்கிறார்கள். எட்டு மாதமாக யோசிக்கிறேன். சேரலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

‘அது வேறு’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். எப்படி வேறு? பாப்பாவுக்குத் தெரியாது, அதனால் கற்றுக்கொள்கிறாள். உங்களுக்கும் தெரியாது. ஆனால் 37 வயதில் ‘எனக்கு இது தெரியாது’ என்று இன்னொருவர் முன்னால் போய் உட்கார வேண்டும், அதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டும். அங்கேதான் கால் பின்வாங்குகிறது, பணத்தில் இல்லை. மனைவியை இதில் இழுக்காதீர்கள். இந்த எட்டு மாதத்தில் கம்மலும் எடுக்கவில்லைதானே?

போலிகள் இருக்கிறார்கள், ஆமாம். பல் டாக்டரிலும் இருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் செஸ் உலகப் பட்டம் வென்றபோது, அவருடைய மனப்பயிற்சிக்கென்றே பாடி அப்டன் என்று ஒருவர் இருந்தார். 2011இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். செஸ் சொல்லித்தருகிறவரே இல்லை. நாம் எல்லோரும் கைதட்டினோம். குகேஷுக்கு 18 வயது, சின்னப் பையன், அதனால் அது நமக்கு உறுத்தவில்லை. அமெரிக்காவில் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர், பேர் பெற்ற பிறகு, ஓய்வு பெற்ற தன் பழைய ஆசிரியரைக் கூப்பிட்டு, நான் அறுவை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அறுவை நல்லபடியாகவே முடிந்தது. ஆசிரியர் குறிப்புத்தாளோடு வந்தார். முழங்கை மேலே தூக்கிக்கொள்கிறது, விளக்கு வெட்டின இடத்தை விட்டு நகர்ந்துபோனது உனக்குத் தெரியவே இல்லை, இப்படி. வீடியோக்களை நீங்கள் எத்தனை வேண்டுமானாலும் பாருங்கள் எஸ்., வீடியோ உங்களைப் பார்க்காது.

எனக்கும் ஒருவர் இருந்தார். வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்கோடியில் வீடு. பதினைந்து வருடம் முன்பு ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் நாற்பது நிமிடம் பேசிவிட்டு, நன்றாகப் பேசிவிட்ட மிதப்பில் அவரிடம் போய், “எப்படி சார் இருந்தது?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விழா அழைப்பிதழைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், நான்கு நேராக, ஐந்தாவது குறுக்கே, கட்டுக் கட்டாக. நான் சொன்ன ‘வந்து’. 64. கீழே தனியாக, மூக்குக்கண்ணாடியைத் தொட்டது 22. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “வாராவாரம் வாங்க தம்பி, அரை மணி நேரம் உட்காருவோம், ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்” என்றார். காசு பற்றிப் பேச்செடுத்தேன், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

நான் போகவில்லை. மழை, வேலை, உடம்பு சரியில்லை, என்னவோ காரணம். அவர் வாங்கியிருந்தால், கொடுத்த காசுக்காவது போயிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இலவசம் என்பதால் தப்பிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் தெருவில் எதிரே வந்தால் மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுவேன், அதற்கென்றே எத்தனை தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறேன் தெரியுமா! இதைப் படித்துச் சிரிக்காதீர்கள், நீங்கள் செய்வதும் அதே வேலைதான், மருந்துக்கடைக்குப் பதில் கம்மல். அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

கேட்டது மறந்துவிடப்போகிறது. சேருங்கள். முதல் வகுப்பில் அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பையரோடு பேசின ஒரு மீட்டிங்கின் பதிவு இருந்தால் போட்டுக்காட்டி, என்ன கவனித்தீர்கள் என்று கேளுங்கள். ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சொல்லில் தடுக்கினீர்கள் என்று சொன்னால் மிச்சப் பணத்தையும் கட்டுங்கள்.

அந்த அழைப்பிதழ் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. போன மாதம் ஒரு கூட்டத்தில் என் மகளை முன்வரிசையில் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். 51.