மடியில் இருப்பது குழந்தையா, குட்டிப் பெரியவரா?

கேள்வி: தஞ்சாவூர் பாணியில் யசோதை–கண்ணன் படம் போடுகிறேன். கண்ணன் குழந்தையாக வராமல், வயதான குள்ளர் மாதிரி மடியில் உட்கார்ந்திருக்கிறான். எங்கே தவறு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தலையளவில். பெரியவர்களின் உயரம் அவர்கள் தலையைப்போல் ஏழு, ஏழரை மடங்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஐந்து மடங்குதான். யசோதையின் உருவத்தையே சுருக்கி மடியில் வைத்தால் கழுத்தும் காலும் நீண்டு, குழந்தை காணாமல் போய்விடும். யசோதையின் தலை 5 செ.மீ. என்றால் கண்ணனுடையது 4 செ.மீ. இருக்கட்டும். நின்றால் 20 செ.மீ. வருவான், உட்கார்ந்தால் 11 அல்லது 12.

அடுத்து கண். பெரியவர் முகத்தில் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் கண் வரும். குழந்தைக்கு அந்த நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. கிரீடம் நெற்றியை மறைக்கிறதே என்று கண்ணை மேலே தூக்காதீர்கள், கிரீடத்தை உச்சிக்கு ஏற்றுங்கள். கழுத்தே வேண்டாம், மோவாய்க்குக் கீழ் ஒரு மடிப்பு போதும்.

இந்தப் படத்தில் சாமி கண்ணன்தான். அதனால் இயல்பைவிடப் பெரிதாகவே அவனைப் போடலாம். தலையும் உடலும் சேர்ந்து பெருக்க வேண்டும், ஒன்றுக்கு ஐந்து கணக்கு மட்டும் மாறக்கூடாது.

கேள்வி: கண்ணனின் மாலை புடைத்துத் தெரிவதற்காக வைத்த மக்குப் பசை காய்ந்ததும் வெடிக்கிறது. கோந்து போதவில்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: கோந்து குறைந்தால் விரலால் தேய்க்கும்போது மாவாக உதிரும். வெடிப்பது வேறு கோளாறு. ஒரே பூச்சில் தடிமனாக வைத்து வெயிலில் போட்டால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ஈரம் வற்றிச் சுருங்கும்போது பிளக்கும். கோந்து கூடினாலும் இதே கதிதான். சாக் பவுடரையும் அரபிக் கோந்தையும் தோசைமாவுப் பதத்தில் குழைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றும் நிழலில் காயட்டும். வெடித்த இடத்தின் மேலேயே பூசி மறைத்தால் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டியபின் கோடு காட்டிக்கொடுக்கும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

யசோதையின் நகைகளுக்கு ஒரு பூச்சு குறைவாக இருப்பது நல்லது. இரண்டு பேரும் ஒரே அளவு புடைத்து நின்றால் பார்வை யாரிடமும் தங்காது.

கேள்வி: பழைய படத்தில் தங்கம் கறுத்துவிட்டது. ஈரத்துணியால் துடைக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். அரபிக் கோந்து தண்ணீரில் கரையும். ரேக்கோடு கல்லும் கிளம்பிவிடும். 22 காரட் ரேக்கு இப்படிக் கறுக்காது. உங்கள் படத்தில் இருப்பது செம்பு கலந்த போலி ரேக்காகத்தான் இருக்கும். துடைத்து மீட்க முடியாது, உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.