சிமெண்ட் தரைக்குப் பழுப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள்
அறையின் சிமெண்ட் தரை பார்க்கவே சகிக்கவில்லை, டைல்ஸ் போடக் கையில் பணமில்லை என்று கேட்டிருந்தீர்கள். எதையும் வாங்கும் முன் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ வினைல் ஷீட் (தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு) பக்கமே போகாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்திருந்தால் சரி, பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள்தான் என் யோசனை. தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் கோடாகத் தெரியும்), கசக்கி விரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் (மரம் ஒட்டும் பசை) நனைத்து, சுத்தமாகத் துடைத்த தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, குமிழ் இல்லாமல் நீவுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பாலியூரித்தேன் வார்னிஷ் நான்கைந்து பூச்சு. அப்புறம் பாருங்கள், பழைய தோல் மாதிரி அத்தனை அழகாக இருக்கும். குளியலறைக்கு மட்டும் வேண்டாம்.