கப்பலேறிய பட்டயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டு, வழிபாட்டு உரிமை தேடி அமெரிக்காவுக்குச் சென்றவர்கள் பியூரிட்டன்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே போனதும் அவர்களே ரோஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் மாற்றுக் கருத்துக்காக நாடு கடத்தினார்கள். இது எப்படி? அவர்களின் தலைவர் ஜான் வின்த்ராப்பை ஜனநாயகத்தின் முன்னோடி என்பதா, சர்வாதிகாரி என்பதா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் காணும் முரண்பாடு அவர்களுக்கு இருக்கவில்லை. 1630-இல் வின்த்ராப்புடன் வந்தவர்கள் எல்லோருக்குமான வழிபாட்டு உரிமையைக் கோரியவர்கள் அல்லர். தாங்கள் சரியென்று நம்பிய திருச்சபை ஒழுங்கை, ஆயர்களின் தலையீடு இல்லாத ஓரிடத்தில் நிறுவ விரும்பியவர்கள். பிழையான போதனையைப் பொறுத்துக்கொள்வது அவர்கள் பார்வையில் பாவம். (1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியவர்கள் வேறு ஒரு கூட்டம். இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே விலகி, ஹாலந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இருவரையும் ஒன்றாக்கிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது.)

வின்த்ராப்பை மதிப்பிட அவருடைய இறையியலைவிட, அவர் கப்பலில் எடுத்துச் சென்ற ஒரு பட்டயமே உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1629 மார்ச்சில் முதலாம் சார்லஸ் மன்னர் மாசசூசெட்ஸ் விரிகுடா கம்பெனிக்கு வழங்கிய அந்தப் பட்டயம், வணிகக் கம்பெனிகளுக்கு வழக்கமாகத் தரப்படுவதைப் போன்றதுதான். உறுப்பினர்கள் ஆண்டுக்கு நான்கு முறை பொதுக்கூட்டம் கூட வேண்டும். ஓர் ஆளுநர், ஒரு துணை ஆளுநர், அவர்களோடு சேர்ந்து நிர்வகிக்கும் 18 உதவியாளர்கள் ஆகியோரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, பட்டயமும் நிர்வாகமும் தங்களோடு வருமானால் குடும்பத்துடன் புறப்படுவதாக 12 பேர் அவ்வாண்டு ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் வின்த்ராப் ஆளுநரானார். நம் கிழக்கிந்தியக் கம்பெனியும் பட்டயத்தில் பிறந்ததுதான். ஆனால் அதன் பங்குதாரர் கூட்டம் கடைசிவரை லண்டனை விட்டு நகரவில்லை, சென்னைக் கோட்டைக்கு ஆளுநரை நியமித்ததும் நீக்கியதும் அங்கிருந்துதான். (1692-இல் அப்படி நீக்கப்பட்ட எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர் என்பது தனிக்கதை.) மாசசூசெட்ஸிலோ பங்குதாரர் கூட்டமே சட்டமன்றம் ஆயிற்று.

முதல் ஆண்டு கொடியது. சுமார் 200 பேர் இறந்தார்கள். வந்திறங்கிய சில நாட்களிலேயே வின்த்ராப்பின் மகன் ஹென்றி நீரில் மூழ்கி மாண்டார். பட்டினியும் நோயும் நிலவிய அந்த நாட்களில் அதிகாரம் ஆளுநரிடமும் உதவியாளர்களிடமும் குவிந்தது. 1631-இல் திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்றார்கள். ஆனால் 1634-இல் ஊர்ப் பிரதிநிதிகள் பட்டயத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்த்தார்கள். சட்டம் இயற்றும் உரிமை உறுப்பினர்கள் அனைவரும் கூடும் பொதுக்கூட்டத்துக்கே உண்டு என்று அதில் கண்டிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வின்த்ராப் தோற்றார், தாமஸ் டட்லி ஆளுநரானார். 1637 வரை வின்த்ராப்புக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

வில்லியம்ஸ் விவகாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதக் குற்றங்களைத் தண்டிக்க அரசுக்கு உரிமையில்லை என்றதோடு, பூர்வகுடிகளின் நிலத்தைத் தானமளிக்க இங்கிலாந்து மன்னர் யார் என்றும் அவர் கேட்டார். லண்டனில் பேராயர் லாட் தலைமையிலான குழு பட்டயத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 1635 அக்டோபரில் வில்லியம்ஸை நாடு கடத்தத் தீர்ப்பானது. அப்போது வின்த்ராப் ஆளுநர் அல்லர். நாரகான்செட் விரிகுடாப் பக்கம் போகும்படி வில்லியம்ஸுக்குத் தனிப்பட்ட முறையில் யோசனை சொன்னவரும் அவரே.

ஹட்சின்சன் விஷயத்தில் இப்படி எந்தச் சலுகையும் வின்த்ராப்புக்கு நான் தரமாட்டேன். 1637 நவம்பரில் நடந்த விசாரணையில் அவரே நீதிபதி, அவரே குற்றம் சாட்டுபவர். எதற்காக என்னை வெளியேற்றுகிறீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, மேலே பேசாதே, காரணம் மன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தி என்று முடித்துவிட்டார்.

அவரை ஜனநாயகவாதி என்றும் சொல்ல முடியாது. ஆட்சிமுறைகளில் மிகக் கீழானது ஜனநாயகம் என்றே எழுதி வைத்திருக்கிறார். அவரை மீறி அங்கே என்ன வளர்ந்தது என்பதற்கு ஒரு பன்றி வழக்கைச் சொல்லலாம். வழிதவறி வந்த ஒரு பெண்பன்றியை பாஸ்டன் வணிகர் ராபர்ட் கீயன் பிடித்து வைத்து, உரியவர் வந்து கேட்கலாமென ஊரில் அறிவித்தார். நெடுநாள் கழித்து, தன் பன்றியைத்தான் அவர் கொன்றுவிட்டார் என்று ஷெர்மன் என்ற எளிய வீட்டுப் பெண் புகார் சொன்னார். 1642-இல் வழக்கு, சட்டமன்றமாகிவிட்ட அந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்தபோது ஷெர்மன் பக்கம் 15 பிரதிநிதிகளும் 2 உதவியாளர்களும், கீயன் பக்கம் 8 பிரதிநிதிகளும் 7 உதவியாளர்களும் நின்றார்கள். எண்ணிக்கைப்படி வென்றவர் ஷெர்மன். பிரதிநிதிகளின் பெரும்பான்மையை உதவியாளர்கள் தடுக்கலாமா என்பதே அதன்பின் பெரிய தகராறாகி, 1644-இல் இரு தரப்பும் தனித்தனி அவைகளாகப் பிரிந்தன. வின்த்ராப் வாதாடிய தடையுரிமை உதவியாளர்களுக்கு நிலைத்தது. அதே உரிமை இப்போது பிரதிநிதிகளின் கைக்கும் போயிற்று.