ஆஸ்பத்திரிப் பணியாளர் பாதுகாப்புக்காக டிரஸ்ட் தொடங்குகிறோம், தலைமைக் குழுவில் யாரையெல்லாம் சேர்க்கலாம்?

கேள்வி இரண்டே வரிதான். கும்பகோணத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஆஸ்பத்திரியிலும் லேபிலும் வேலை செய்கிறவர்களை ஊசி குத்து, ரத்தம் தெறிப்பது, தொற்று இதிலிருந்தெல்லாம் காப்பாற்ற ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கிறீர்கள், தலைமைக் குழுவில் எப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்று கேட்கிறீர்கள். படித்ததும் போனை வைத்துவிட்டுச் சமையலை முடித்தேன், மனசு அதிலேயே இருந்தது, அதனால் திரும்ப வந்து எழுதுகிறேன். நான் 2004-லிருந்து ஸ்டாஃப் நர்ஸ். இப்போது சில வருஷமாகத் திருவாரூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், அதாவது ஆஸ்பத்திரிக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

உங்கள் மனதில் இருக்கிற பட்டியல் அனேகமாக இப்படி இருக்கும்: ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தலைவர், வக்கீல் செயலாளர், ஆடிட்டர் பொருளாளர், பணம் தருகிற ஊர்ப் பெரியவர் புரவலர். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடிட்டர் இல்லாமல் வருமான வரி விலக்குக்கான பதிவெல்லாம் வாங்குவது பெரிய பாடு. டிரஸ்ட் வேண்டாம், 1975 சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதியலாம் என்று முடிவெடுத்தால் ஏழு பேராவது வேண்டும், அப்போது பட்டியல் இன்னும் நீளும். எப்படிப் பதிந்தாலும் சரி, அதில் ஒருவர் வார்டு பெருக்கிக் குப்பை அள்ளுகிற அம்மாவாக இருக்க வேண்டும், அவருக்கு மற்றவர்களுக்கு உள்ள அதே ஓட்டும் கையெழுத்தும் இருக்க வேண்டும். என் பதில் இவ்வளவுதான். ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

2006 ஐப்பசி. கும்பகோணத்தில் இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோம், பெயர் வேண்டாம். நல்ல அடைமழை. எலிக்காய்ச்சல், டைபாய்டு, வயலில் பாம்பு கடித்தது என்று வராண்டாவில் பாய் போட்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். நைட் டியூட்டிக்கு நானும் ஒரு ஆயாம்மாவும் மட்டும். ராத்திரி இரண்டு மணி இருக்கும், ஒரு பெரியவருக்கு டிரிப் ஏற்றக் கையில் வென்ஃப்ளான் என்கிற ஊசிக்குழாய் போட்டேன். உள்ளே இருக்கிற ஊசியை உருவிய அதே நேரம் அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பையனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது, அவன் அம்மா போட்ட சத்தத்தில் ஊசியைப் பெரியவரின் கட்டில் விரிப்பிலேயே வைத்துவிட்டு ஓடினேன். பயன்படுத்திய ஊசியைப் போடுகிற டப்பா வார்டில் ஒன்றே ஒன்று, அதுவும் அந்தக் கோடியில் இருந்தது. பையனைப் பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டு, மருந்து ஏற்றி முடித்தபோது அந்த ஊசி என் நினைவில் இல்லை. விடியற்காலையில் ஆயாம்மா விரிப்புகளைச் சுருட்டி அள்ளினார்கள். உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், நாத்து நட்ட கை இது, வயல்ல நண்டு கடிக்காததா" என்றார்கள். ரத்தத்தைப் பிதுக்கி எடுத்துவிட்டு வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிதுக்கக் கூடாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், சுண்ணாம்பு மாதிரி பொசுக்குகிற எதையும் வைக்கக் கூடாது என்று இன்றைக்கு நான் தினமும் வகுப்பு எடுக்கிறேன். அன்றைக்கு அந்தக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

காலையில் மேனேஜரிடம் சொன்னேன். "எழுதுனா ஆஸ்பத்திரி பேரு கெட்டுடும்மா, யாரு வச்ச ஊசின்னு கேப்பாங்க, உன் பேருதான் வரும், எய்ட்ஸெல்லாம் அவ்ளோ லேசுல வராது, போய்த் தூங்கு" என்றார். கடைசியாகச் சொன்னது உண்மைதான், எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஆயிரம் பேருக்குக் குத்தினால் சுமார் மூன்று பேருக்குத்தான் ஒட்டும், அதற்கும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிடலாம். ஆனால் கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்தக் கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது பேர் வரைக்கும் ஒட்டும். எனக்குப் படிக்கும்போதே மூன்று டோஸும் போட்டுவிட்டார்கள். ஆயாம்மாவுக்கு யாரும் போடவில்லை, ஏனென்றால் அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே கிடையாது, வாரக் கூலி. குத்தின 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸும் கூடவே கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். அந்தப் பெரியவரை அன்று காலையே தஞ்சாவூருக்கு மாற்றிவிட்டார்கள், அவருக்கு ரத்தப் பரிசோதனைகூட யாரும் எடுக்கவில்லை.

தை பிறந்து ஆயாம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை என்று ஊரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, மூன்றாவது வாரம் நடக்க முடியாமல் எங்களிடம் வந்தார்கள். லேபில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். இரண்டு மாதம் படுக்கை. அந்த வருஷம் சம்பா அறுப்புக்குப் போக முடியவில்லை, அந்தக் கூலியை நம்பித்தான் மூத்த மகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அது நின்றுபோனது. பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும், அவர்களுக்கும் ஆறு மாதத்தில் நெகட்டிவ் வந்தது. பட்டீஸ்வரம் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட்டுவிட்டு வந்து அவர்களிடம் "அந்த ஊசி என்னுதுக்கா" என்று சொன்னேன். "தெரியும் சிஸ்டர், புள்ளைக்கி இழுத்துச்சே, நீ என்னா பண்ணுவ" என்றார்கள். அத்தனை மாதமாகத் தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஊசியை வைத்தது நீ, இப்போது உபதேசம் வேறா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆமாம், நான்தான் வைத்தேன். ஆனால் கவனமாக இரு, கவனமாக இரு என்று சொல்லியே எத்தனை வருஷம் ஓட்டினோம் என்பதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜனீன் ஜாகர் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர் 1988-ல் குழுவோடு ஒரு ஆய்வு வெளியிட்டார். யார் கவனக்குறைவு என்று கேட்காமல் எந்தச் சாமான் குத்துகிறது என்று எண்ணினார்கள். மொத்தக் கணக்கில் சாதாரண சிரிஞ்சுதான் அதிகம். ஆனால் வாங்கிய எண்ணிக்கைக்கு எத்தனை குத்து என்று வகுத்துப் பார்த்தால் டிரிப் குழாயோடு சேர்ந்து வருகிற ஊசி சிரிஞ்சைவிட ஐந்து மடங்குக்கு மேல் ஆபத்து. கோளாறு சாமானின் அமைப்பிலும் இருக்கிறது என்று அதன்பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். குத்துகளை ஒரே மாதிரிப் பதிவு செய்ய எபிநெட் என்ற முறையையும் அவர்தான் கொண்டுவந்தார். உங்கள் குழுவில் இப்படி எண்ணத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். டாக்டராக இருக்க வேண்டும் என்றில்லை, காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற சார் ஒருவர் போதும்.

இன்னொருவர் கேரன் டேலி. பாஸ்டனில் எமர்ஜென்சி நர்ஸ். 1998-ல் ஊசியை டப்பாவில் போடக் கையை நீட்டினார், நிரம்பி வழிந்த டப்பாவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறொரு ஊசி குத்தியது. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து வந்தது. அவர் அதை மறைக்கவில்லை, பெயரைச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 2000 நவம்பரில் அங்கே ஊசிப் பாதுகாப்புச் சட்டமே வந்தது, பிற்பாடு அந்த நாட்டு நர்ஸ்கள் சங்கத்துக்கே தலைவராகவும் இருந்தார். நான் தலைமை என்று நினைப்பது இந்த மாதிரி ஆளைத்தான்.

நான் ஏன் அப்படி வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் மேனேஜர் ரூம் பீரோவில் இருந்தது. இரண்டு வருஷ பாண்ட். நடுவில் போனால் பணம் கட்டு, இல்லாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது. அப்பா இரண்டு மாட்டை விற்று என்னைப் படிக்க வைத்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிப்ளமோ வரைக்கும் யாரோ ஒருவர் பூட்டி வைத்திருக்கிறபோது எந்தப் பெண்ணுக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் வரும்? என் சித்தி மகளுக்கு வெளிநாட்டு இன்டர்வியூ வந்தும் ஒரிஜினல் கையில் இல்லாமல் அந்த வாய்ப்பே போனது. சான்றிதழ் அடகுப் பொருள் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இன்னும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போன் பண்ணி அழுகிறார்கள். உங்களோடு வக்கீல் ஒருவர் இருந்தால் தயவுசெய்து இதையும் அவர் காதில் போடுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டாக்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, யாரும் சண்டைக்கு வராதீர்கள், இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு முழுத் துணை ஒரு மைக்ரோபயாலஜி மேடம்தான். அவர்களை மாதிரி லேப் தெரிந்த ஒருவரை எடுங்கள். காற்று வீசுகிற பெட்டி எல்லாம் பாதுகாப்புப் பெட்டி என்று நிறைய சின்ன லேபில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்கமாகக் காற்று வருகிற லேமினார் ஃப்ளோ பெட்டி முன்னால் உட்கார்ந்து காசநோய்ச் சளியைத் திறந்தால் கிருமி நேராக டெக்னீஷியன் மூக்குக்கு வரும், அது உள்ளே இருக்கிற பொருளைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளையும் காப்பாற்றுகிற பயோசேஃப்டி கேபினட் வேறு. அதையும் வருஷத்துக்கு ஒரு முறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும். இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஆள் உங்களுக்கு வேண்டும். ஊசி, கிளவுஸ் விற்கிற கம்பெனிக்காரர் நன்கொடை தருகிறேன் என்று வருவார், வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் குழுவில் உட்கார வைக்காதீர்கள். எந்த ஊசி நல்லது என்று நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி ஆயாம்மா. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் எல்லாம் இருக்கிறது. கழிவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசி, வேலைக்குச் சேரும்போதும் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் உடல் பரிசோதனை, விபத்து நடந்தால் எழுதித்தர ஒரு படிவம், 30 படுக்கையோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிற குழு. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அந்தக் குழு இருந்தது, ரிஜிஸ்டரில் ஊசி குத்து ஏறக்குறைய பூஜ்யம், எல்லோருக்கும் சந்தோஷம். நான் கேட்டு வாங்கி ஒரு துப்புரவு அக்காவைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் கேட்டார்கள்: "வெள்ளை டப்பா முக்கால்வாசி ரொம்பினதும் மாத்தணும்னு ஒட்டியிருக்கீங்க. புது டப்பா ஸ்டோர்ல இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஸ்டோர் சாவி யார்ட்ட இருக்கு?" யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர்காரர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வழிகிற டப்பாவில்தான் ராத்திரி பூராவும் ஊசியைத் திணித்திருக்கிறார்கள். மறுநாளே வார்டுக்கு இரண்டு டப்பா கூடுதலாக வைத்தோம். அப்புறம் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை ஏறியது, நிர்வாகம் பயந்துவிட்டது, குத்து கூடவில்லை, தைரியமாக வந்து சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் டிரஸ்டிலும் முதல் வருஷம் எண்ணிக்கை ஏறும், நன்கொடையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கஜா புயல் வந்தபோதும், 2018 நவம்பரில், கரன்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி, வண்டி வர வழியே இல்லை. கழிவு கட்டின மஞ்சள் பையை எந்த அறையில் வைத்தால் தண்ணீர் ஏறாது, நாய் இழுக்காது என்று சொன்னது அதே அக்காதான்.

கடைசியாக நேரம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டல் ஹாலில் கூட்டம் போடுவீர்கள், அப்படிச் செய்யாதீர்கள். டியூட்டி மாறுவது மதியம் இரண்டு மணிக்கு. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டரைக்கு வையுங்கள், நாலரை மணி பஸ்ஸுக்கு விட்டுவிடுங்கள். தினக்கூலிக்காரர் வந்தால் அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுங்கள், கவரில் போட்டு ரகசியமாக வேண்டாம், உங்கள் வரவு செலவுக் கணக்கிலேயே எழுதிக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், குடவாசல் பக்கமும் வலங்கைமான் பக்கமும் எனக்குத் தெரிந்த மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.