குளிர்காலத் தீவன மேல்விதைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பெர்முடா போன்ற வெப்பப்பருவப் புல் உறங்கும் காலத்தில் அதன் மேல் ரை புல், ஓட்ஸ், குளோவர் (பயறுவகைத் தீவனச் செடி) விதைப்பது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மண் பரிசோதனை முடிவு இல்லாமல் உர அளவு கேட்டவர்களுக்குக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது.

பெர்முடா புல் நிலத்தில் ரை புல் விதையைத் தாராளமாகத் தூவினேன். முக்கால்வாசி முளைக்கவே இல்லை. விதை சரியில்லையா?

விதைத்த அன்று பழைய புல் எவ்வளவு உயரம் இருந்தது? அதை எழுதாமல் விதையைக் குறை சொல்கிறீர்கள். நிலத்துக்குப் போய்ப் புல்லை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். மண்ணுக்கு மேலே காய்ந்த தாள் ஒரு மெத்தை போலக் கிடக்கும். விதை அதிலேயே சிக்கி, பனி ஈரத்தில் வெள்ளை வேர் விட்டு, அடுத்த வெயிலில் கருகியிருக்கும். விதைக்கு மண் தொடர்பு வேண்டும். முதலில் மாடுகளை விட்டோ அறுத்தோ புல்லை 5 முதல் 7 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அறுத்ததை அங்கேயே விடாமல் வெளியேற்றுங்கள். அப்புறம் விதைப்புக் கருவியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். கருவி இல்லை என்றால் தட்டுக்கலப்பையை மேலோட்டமாக ஓட்டி, தூவி, உருளையால் அழுத்துங்கள். தூவல்தான் என்றால் ஏக்கருக்கு 12 கிலோவுக்குக் குறையக் கூடாது.

எந்தத் தேதிக்கு விதைக்க வேண்டும்?

தேதியைப் பார்க்காதீர்கள், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். அது தொடர்ந்து 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கி, பழைய புல்லின் வளர்ச்சி தளரும்போது விதையுங்கள். அதற்கு முன் விதைத்தால் பழைய புல் நாற்றை அமுக்கிவிடும், மிச்சத்தைப் படைப்புழு தின்றுவிடும். ரொம்பவும் தள்ளிப்போட்டால் கடுங்குளிருக்கு முன் வேர் பிடிக்காது.

மண்ணில் மிஞ்சிய தழைச்சத்து (நைட்ரஜன்) மழையில் கீழே இறங்காமல் பிடித்து வைக்க எது நல்லது: ரை தானியமா, ரை புல்லா, குளோவரா?

ரை தானியம். இது கோதுமை போன்ற தானியப் பயிர், ரை புல் வேறு. குறைந்த வெப்பநிலையிலும் வளரும், வேரும் ஆழமாகப் போகும். உறங்கும் பெர்முடா வேர் நைட்ரேட்டை (தழைச்சத்து நீரில் கரைந்திருக்கும் வடிவம்) எடுக்காத மாதங்களில் இது எடுத்துக்கொள்ளும். ரை புல் மெதுவாகக் கிளம்பினாலும் வசந்தத்தில் நிறையத் தீவனம் தரும். இரண்டையும் கலப்பது நல்ல யோசனை: ரை தானியம் ஏக்கருக்கு 25 கிலோ, ரை புல் 8 கிலோ. ஆழம் வேறு என்பதை மறக்காதீர்கள். தானியம் 3 சென்டிமீட்டர், புல் 1 சென்டிமீட்டர். ஒரே பெட்டியில் கொட்டி ஒரே ஆழத்தில் இறக்கினால் ஏதாவது ஒன்று வீணாகும்.

குளோவரின் வேலை வேறு. அது காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் பயிர். மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து நிறைந்திருந்தால் வேர் முடிச்சுகள் சோம்பிவிடும். எரு கொட்டிய நிலத்தில் குளோவருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பல ஆண்டுகளாகக் கோழி எரு போட்ட நிலம். மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகம் என்று வந்தது. அதைக் குறைக்க ரை புல் மேல்விதைத்து, குளிர்காலம் முழுக்க மாடு மேய்க்கிறேன். மூன்று ஆண்டு ஆகியும் எண் இறங்கவில்லை. ஏன்?

ஏனென்றால் மணிச்சத்து உங்கள் வேலியைத் தாண்டவே இல்லை. பலமுறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: மேய்ச்சல் சத்தைச் சுழற்றும், வெளியேற்றாது. மாடு தின்ற புல்லில் உள்ள சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் அதே நிலத்தில் விழுகிறது. மணிச்சத்து பெரும்பாலும் சாணத்தில், சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூத்திரத்தில்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மாடு உங்கள் நிலத்தில் 100 கிலோ எடை கூடி விற்பனைக்குப் போனால், அதன் உடலோடு வெளியே போவது ஒரு கிலோவுக்கும் குறைவான மணிச்சத்து. அதே நிலத்தில் ரை புல்லை அறுத்துக் காயவைத்து ஏக்கருக்கு 2 டன் வெளியே ஏற்றினால் 6, 7 கிலோ போகும். இரண்டும் தனிமக் கணக்கு, அதாவது வெறும் பாஸ்பரஸின் எடை. உர மூட்டையில் எழுதும் பாஸ்பரஸ் ஆக்சைடு (P2O5) கணக்கில் வேண்டும் என்றால் 2.3 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே மணிச்சத்தை இறக்க வேண்டும் என்றால் அறுக்க வேண்டும், அறுத்ததை அந்த நிலத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அறுத்து உருட்டிய கட்டுகளை அதே வயலின் மூலையில் வைத்துத் தீவனமாகப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். டீசல் செலவழித்து ஒரு பக்கத்துச் சத்தை இன்னொரு பக்கம் குவிப்பதுதான் அது. கட்டுகளை மணிச்சத்து குறைந்த வேறு நிலத்தில் போடுங்கள், அங்கே அது உரம்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டும் எருவை நிறுத்தினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. புல் எடுப்பது 8 பங்கு தழைச்சத்துக்கு ஒரு பங்கு மணிச்சத்து என்ற அளவில். கோழி எருவில் இருப்பதோ ஏறக்குறைய 2 பங்குக்கு ஒன்று. தழைச்சத்துத் தேவைக்கு எருவை அளந்து போட்டாலே மணிச்சத்து மூன்று நான்கு மடங்கு கூடுதலாக விழுகிறது. அந்த வேகத்துக்கு எந்தப் பயிராலும் ஈடு கொடுக்க முடியாது. எருவை நிறுத்துங்கள் அல்லது மணிச்சத்துக் கணக்கில் போடுங்கள், குறையும் தழைச்சத்தைத் தனியாகக் கொடுங்கள். அப்படிச் செய்தாலும் இது பல ஆண்டு வேலை. கோடையில் பெர்முடாவையும் குளிர்காலத்தில் ரை புல்லையும் அறுத்து ஏற்றினால் வெளியேறும் அளவு கூடும். மேல்விதைப்பின் உண்மையான பயன் அந்தக் கூடுதல் அறுவடைதான்.

ஒரு எச்சரிக்கை. அறுத்து ஏற்றும்போது சாம்பல்சத்தும் போகும், டன்னுக்கு 20 கிலோ அளவில். மணிச்சத்தைக் குறைக்கப் போய் சாம்பல்சத்தைக் காலி செய்து, பெர்முடா மெலிந்துபோன நிலங்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்யுங்கள்.

மேய்க்கவும் வேண்டும், சத்து பரவலாகவும் விழ வேண்டும். என்ன செய்வது?

மாடு நிற்கும் இடத்தில்தான் சாணம் விழும். நிழலும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே மூலையில் இருந்தால் சத்து அங்கேயே குவியும். நிலத்தைச் சிறு பாத்திகளாகத் தடுத்து, புல் 20 சென்டிமீட்டர் வந்ததும் விட்டு, 8 சென்டிமீட்டரில் அடுத்ததற்கு மாற்றுங்கள். தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். மண் மாதிரி எடுக்கும்போது தொட்டி ஓரத்தையும் நிழலடியையும் தவிருங்கள்.

சோயாவுக்கு வாங்கிய ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா) மீதி இருக்கிறது. குளோவர் விதையில் கலக்கலாமா?

கூடாது. குளோவருக்கு அதற்கான வகைதான் வேலை செய்யும். ஆறேழு வாரம் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நல்லது. வெள்ளை அல்லது பச்சை என்றால் தழைச்சத்து சேரவில்லை. மண்ணின் அமில கார நிலை 6க்குக் கீழே என்றால் முதலில் சுண்ணாம்பு.

குளோவரும் ரை புல்லும் கலந்து விதைத்தேன். இந்தக் குளிர்காலத்திலேயே ரை புல்லுக்குத் தழைச்சத்து கிடைக்குமா?

பெரிதாகக் கிடைக்காது. குளோவர் மடிந்து மக்கும்போதும், மாடு தின்று கழிக்கும்போதும்தான் வெளிவரும். அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது கோடையில் எழும் பெர்முடா. மேய்ச்சலில் குளோவர் பாதிக்கு மேல் இருந்தால் வயிற்று உப்புசம் வரும். பசியோடு இருக்கும் மாட்டை நேராக உள்ளே விடாதீர்கள், முதலில் காய்ந்த புல் போடுங்கள்.

எருவைக் குளிர்காலத்தில் போடலாமா?

உறங்கும் வெறும் புல்தரையில் போடாதீர்கள், மழையோடு ஓடை குளத்துக்குப் போய்விடும். மேல்விதைத்த பயிர் வேர் பிடித்து வளர்ந்துகொண்டிருந்தால் குறைந்த அளவில் போடலாம். எருவுக்கு முன் மண் பரிசோதனை.

ஓட்ஸில் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் கூடுதல் என்று பரிசோதனையில் வந்தது. காயவைத்தால் போய்விடுமா?

போகாது. காய்ந்த புல்லில் அப்படியே நிற்கும். சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) ஆக்கினால் ஓரளவு குறையும். மறுபடி பரிசோதித்துவிட்டு, வேறு தீவனத்தோடு கலந்து கொடுங்கள்.

செழிப்பான ரை புல்லில் மேய்ந்த கறவை மாடு திடீரென்று தள்ளாடி விழுந்து, உதைத்துக்கொண்டு இறந்துவிட்டது. புல்லில் விஷமா?

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் மெக்னீசியக் குறைவின் அடையாளம் இது. எரு மிகுந்த நிலத்தின் இளம் ரை புல்லில் சாம்பல்சத்து ஏறி இருக்கும். அது மாட்டின் வயிற்றில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். கன்று போட்டு ஓரிரு மாதம் ஆன, வயதான மாடுகளுக்கு ஆபத்து அதிகம். உடல் அவசரத்துக்கு எடுக்க மெக்னீசியச் சேமிப்பு கிடையாது, தினமும் உள்ளே போக வேண்டும். மேய்ச்சலுக்குச் சில வாரம் முன்பே மெக்னீசியம் ஆக்சைடு கலந்த தாது உப்பைத் தொடங்குங்கள். மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் அளவில் ஆக்சைடு போக வேண்டும். தள்ளாட்டம் தெரிந்தால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வசந்தம் வந்தும் பெர்முடா எழவில்லை. மேல்விதைப்பு அதைக் கெடுத்துவிட்டதா?

ரை புல் முழங்கால் உயரம் நிற்கிறதா? அப்படியானால் நிழல்தான் காரணம். வெயில் பட்டு மண் சூடாக வேண்டும். உடனே அறுத்து ஏற்றுங்கள், அல்லது மாடுகளை நெருக்கி விட்டு 5 முதல் 7 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். கதிர் வந்து முற்றிய தாளை அங்கேயே மடக்கிப் போட்டால், மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், பெர்முடா மஞ்சளாகும். பக்கத்தில் கோதுமை வயல் இருந்தால் ரை புல்லை விதை உதிர்க்க விடவே விடாதீர்கள். களைக்கொல்லிக்கு அடங்காத களையாகிவிடும்.

ஐந்து ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. எவ்வளவு உரம் போடலாம்?

மண் பரிசோதனை முடிவு, என்ன புல், மேய்க்கிறீர்களா அறுக்கிறீர்களா, எரு போட்டதுண்டா: இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.