ராகுல் ஏன் ஷூவைக் கழற்றினான்?

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் பதினோரு பேர். ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்காக ஒரு புத்தகம் வாங்கினேன். பயணம், அன்றாட வாழ்க்கை பற்றிய சின்னச் சின்னப் பாடங்கள்: ஏர்போர்ட், ஹோட்டல் அறை, சூப்பர் மார்க்கெட், வீக்எண்ட் பிக்னிக். பிள்ளைகள் கடகடவென்று வாசிக்கிறார்கள். கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். போன வாரம் "ராகுல் ஏன் ஷூவைக் கழற்றினான்?" என்று கேட்டேன். ஏர்போர்ட்டில் பரிசோதனைக்காக என்பதுதான் பதில். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன் எழுந்து, "கோயிலுக்குள்ள போறதுக்கு டீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. வேறு நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். செல்போனில் செயலி போட்டுக்கொடுக்கலாமா? உச்சரிப்பை எப்படித் திருத்துவது? இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் பேசலாமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயலி வேண்டாம். மீடியம் விஷயத்தில் நீங்கள் தலையிட வேண்டாம். பணம் கட்டுகிறவர்கள் முடிவு செய்யட்டும். உச்சரிப்பை இந்த வருஷம் தொடாதீர்கள். ஒன்பது வயசுப் பிள்ளை வாசிக்கும்போது நடுவில் மறித்துத் திருத்தினால், அடுத்த வரியிலிருந்து அது புத்தகத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் படிக்கும்.

மற்றபடி, உங்கள் மேல் எனக்குக் கோபம். மண்டையில் ஏறவில்லை என்று எழுதிவிட்டீர்கள். அந்தப் பையனின் பதிலை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போகிறான். வரிசையில் நிற்கிறான். கையில் இருப்பதை ஒரு தட்டில் வைக்கிறான். காலில் கிடப்பதைக் கழற்றுகிறான். அப்புறம் உள்ளே விடுகிறார்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வந்த பிள்ளைக்கு இது எந்த இடம் என்று தோன்றும்? புரியாத இடத்தைத் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பியிருக்கிறான். நீங்களும் நானும் வாசிக்கும்போது செய்வது அதேதான். உங்கள் பதினோரு பேரில் அன்றைக்குப் பாடத்தை வாசித்தவன் அவன் ஒருவன். அவனைப் பார்த்து வகுப்பே சிரித்திருக்கிறது, டீச்சரும் சேர்ந்து. நாளைக்கே அவனைக் கூப்பிட்டு, "நீ யோசிச்சது சரிதான்டா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. அந்த வயதில் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அப்புறம் கை தூக்கவே கூசும்.

கொஞ்ச காலமாகவே இந்தப் புத்தகங்களைப் பார்த்து எனக்கு ஆற்றாமை. சொந்தக்காரப் பிள்ளைகளின் பையைத் திறந்தால் இவைதான் இருக்கின்றன. வழவழ தாள், வண்ணப் படம், பனிமனிதன் செய்யும் குழந்தைகள். மொழியும் புதுசு, சொல்லப்படும் உலகமும் புதுசு. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளை தள்ளாடினால் பிள்ளையைத் திட்டுகிறோம்.

1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஏழாவது, எட்டாவது படிக்கும் 64 பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கிறவர்களும் அதில் உண்டு, திணறுகிறவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் பாதிப் பேருக்கு பேஸ்பால் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. வாசித்ததைப் பொம்மைகளை நகர்த்தி நடித்துக் காட்டச் சொன்னார்கள். பேஸ்பால் தெரிந்த திணறல் பிள்ளைகள், பேஸ்பால் தெரியாத கெட்டிக்காரப் பிள்ளைகளை முந்திவிட்டார்கள். இத்தனைக்கும் எல்லோரும் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலத்தில் படிப்பவர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, உங்கள் திண்ணைப் பிள்ளைகளிடமும் சென்னையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். மாடு எங்கிருந்து அவிழ்த்துவிடப்படுகிறது, கூட்டம் ஏன் சிதறுகிறது என்று யார் சரியாகச் சொல்வார்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்துகொண்டு வாசிக்க, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-ல் ஹூ, நேஷன் என்ற இருவர் ஆய்வு செய்து எழுதினார்கள். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு புதுச்சொல். உங்கள் ஏர்போர்ட் பாடத்தை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். இமிக்ரேஷன், லக்கேஜ், டிபார்ச்சர், கன்வேயர் என்று முதல் பத்தியிலேயே பென்சில் மழுங்கிவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920-களில் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அங்கே புழங்கிய ஆங்கில வாசிப்புப் புத்தகங்களில் புதுச்சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, சொற்களைக் குறைத்து, புதுச்சொல் ஒவ்வொன்றையும் தள்ளித்தள்ளி வைத்துத் தானே புத்தகங்களை எழுதினார். பிற்பாடு 1953-ல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்பட்டது. நம் ஊர்ப் பதிப்பாளர்கள் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால்கூடப் போதும்.

எனக்கு ஆங்கில எழுத்து அறிமுகமானது பீங்கான் சட்டிகளின் அடியில். பீங்கான் என்று எங்கள் வீட்டில் சொன்னாலும் அது எனாமல் பூசிய இரும்பு. கல்யாணம், விசேஷம் என்றால் இரண்டாம் கட்டிலிருந்து அவற்றை வெளியே எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வளவில், அதாவது நடு முற்றத்தில், வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்தால்தான் அடியில் இருக்கும் முத்திரை தெரியும். 'மேட் இன் சுவீடன்' சின்னது; சீக்கிரம் பிடிபட்டது. 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா'வை என்னால் முடிக்கவே முடியாது, நடுவில் மூச்சு வாங்கும். சட்டி எப்படி வந்தது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தச் சட்டியில் கும்மாயம் கிண்டினார்கள் என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாது. டிரங்குப் பெட்டிகளில் எங்கள் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள் நாலு, பெரிய ஆங்கில எழுத்துகளில் பெயிண்டால் எழுதியிருக்கும். அந்த நாலு எழுத்துகளும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. பள்ளிக்கூடத்தில் அவற்றைக் கரும்பலகையில் பார்த்தபோது எனக்குப் பயமே இல்லை.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன நம் ஆட்கள், ஏஜெண்டாக மூன்று வருஷக் கணக்குக்குப் போய், அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூடப் போய்க் கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்களும்தான். யாரும் அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக்கொடுக்கவில்லை. கடைப்படி ஏறி வருகிறவர் நெல்லைப் பற்றிப் பேசுவார், நிலத்தைப் பற்றிப் பேசுவார், வட்டியைப் பற்றிப் பேசுவார். பேச்சு எதைப் பற்றி என்பது பையனுக்கு முன்பே தெரியும். தெரியாதது சொல் மட்டும்தான்.

சரி, திண்ணையில் என்ன செய்வது? அந்த டைல்ஸ் பையனை முதலில் உட்கார வையுங்கள். அப்பா வேலை பார்ப்பதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லச் சொல்ல, நீங்கள் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். 'மை ஃபாதர் மேக்ஸ் டைல்ஸ். ஹி டேக்ஸ் எ பீஸ் ஆஃப் கிளாஸ். ஹி போர்ஸ் தி கலர்ஸ் ஆன் தி கிளாஸ்.' கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக்கலவையைப் போட்டு நிரவுவது வரைக்கும் அவன் சொல்வான். தண்ணீரில் ஊறப் போடுவதையும், கண்ணாடி கழன்று வரும்போது டைல்ஸின் முகம் பளபளவென்று இருப்பதையும் சொல்வான். எழுதி முடித்து அவனிடமே வாசிக்கக் கொடுங்கள். முதல் தடவை பாதி ஞாபகத்தில் வாசிப்பான், பாதி எழுத்தைப் பார்த்து வாசிப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். மறுநாள் அதே பக்கத்தை மற்றப் பத்துப் பேரும் வாசிக்கட்டும். புரியாத இடத்தில் அவனிடம் கேட்கட்டும்.

பயணப் பாடம் வேண்டுமென்றால் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காரைக்குடி ஸ்டேஷனில் விடியற்காலை இருட்டில் நின்று ஏறாத குடும்பம் உங்கள் பக்கம் குறைவு. ஏர்போர்ட்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மாமாவை வேன் வைத்துத் திருச்சி வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த பிள்ளை பதினோரு பேரில் ஒன்றாவது இருக்கும். மாமா உள்ளே போனபிறகும் வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததை அது சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அதை வாசித்தபிறகு ராகுல் வரட்டும், ஷூவைக் கழற்றட்டும். நான் ஏர்போர்ட்டுக்கு எதிரியில்லை.

நல்ல புத்தகம் எது என்று கேட்டிருந்தீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை குறித்திருப்பார்கள். பல கதைகள் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். முதலில் தமிழில் வாசிக்க வையுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில். தமிழில் வாசிக்க விட்டால் ஆங்கிலம் வராது என்று யாராவது பெற்றோர் வந்து நின்றால், இந்தப் பதிலைக் காட்டுங்கள். என்மேல் பழி போட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் முடிந்த கையோடு ஐந்து கேள்வி கேட்கும் பழக்கத்தையும் ரெண்டு மாசத்துக்கு நிறுத்துங்கள். கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும். பதினோரு பக்கம் சேர்ந்ததும் நோட்டை எனக்குத் தபாலில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளைகள் சொன்னதில் கை வைக்கமாட்டேன்.